நாலு நாள், மூன்று தீவு

கல்யாணமான பத்தாம் நாள் புகழேந்தியும் கோதையும் வரைபடத்தை விரித்து, நாலு நாளில் மூன்று தீவு என்று தேனிலவுக்குத் திட்டம் போட்டார்கள். காபி கொண்டுவந்த மாமியார், "நான் கடலையே பார்த்ததில்ல" என்றாள். மறுநாள் மாமனார் தொப்பி வாங்கிவந்தார். விஷயம் தெரிந்து கோதையின் அம்மா, "அவங்க போய் நாங்க போகலேன்னா நல்லாவா இருக்கும்?" என்று கணவரோடு கிளம்பினாள். புகழேந்தியின் இரண்டு அத்தைகளும் சேர்ந்துகொள்ள, புகழேந்தி வாயைத் திறக்காமல் எட்டுப் பேருக்கு அறை போட்டான். அன்றிலிருந்து கோதை அவனோடு பேசவில்லை.

படகுத்துறையில் பெரியவர்கள் முண்டியடித்து முதலில் ஏறினார்கள். ஆறாவது ஆள் உட்கார்ந்ததும் படகுக்காரர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"காத்து பலமா இருக்கு. ஆறு பேருக்கு மேல ஏத்த முடியாது. அடுத்த படகு நாளைக் காலையிலதான்."

"ஐயோ, பிள்ளைங்க தனியா என்ன செய்யும்!" என்று மாமியார் பதறி எழுந்தாள். படகு ஆடியது. அத்தைகளில் ஒருத்தி அவளை இழுத்து உட்காரவைத்தாள்.

"நீங்க பத்திரமா போங்க அத்தை!" என்று கோதை கத்தினாள்.

படகு புள்ளியாகும்வரை இருவரும் கையாட்டினார்கள். பிறகு கோதை செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த ஊர்ல பார்க்க என்ன இருக்கு?" என்று கேட்டாள்.

"ஒண்ணுமே இல்ல" என்றான் புகழேந்தி.

"நல்லதாப் போச்சு" என்றாள்.