இடது பக்கம் சரிந்த முன்முடி

இவர் ஏன் என் கண்ணைப் பார்க்காமல் காதைப் பார்க்கிறார்?

ரிஷானி தலைமுடியை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். எதிரே சோபாவில் இருந்த விஜிதரன் மாமாவின் பார்வை தாடைக்கு இறங்கியது. அங்கே சற்று நின்றது. பிறகு நெற்றிக்கு ஏறியது.

அம்மாவுக்கு அந்தப் பார்வை பிடித்திருந்தது.

விருந்தாளிகளுக்கான கோப்பைகளைக் கண்ணாடி அலுமாரியிலிருந்து எடுத்திருந்தாள். தட்டில் பருத்தித்துறை வடை வைத்திருந்தாள். மாமாவின் தமக்கைக்கு லண்டனில் ஒரு மகன் இருப்பதாகக் கேள்வி. போன மாதம் கோயிலில் வைத்து மாமா ரிஷானியின் படமும் பிறந்த திகதியும் கேட்டார். எதற்கென்று அம்மா கேட்கவில்லை. படமும் திகதியும் வேறு எதற்குக் கேட்பார்கள்? புதிதாக முன்முடி வெட்டிய படமாகப் பார்த்து அவருடைய போனுக்கு அனுப்பினாள். அது தெரியவந்த அன்று முழுவதும் ரிஷானி அம்மாவுடன் கதைக்கவில்லை.

நாளைக்கு ரிஷானிக்குப் பயணம். ஸ்பானிஷ் படிக்கிறவள், ஒரு செமஸ்டரை ஈக்வடாரின் தலைநகரான கீட்டோவில் படிக்கப் போகிறாள். அவர்கள் இருக்கும் சுவிஸ் ஊரான ஊஸ்டரில் தெரிந்தவர்கள் எல்லோரும் வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒன்றையே சொன்னார்கள். அங்கே எங்கட ஆட்கள் ஒருவரும் இல்லையே.

அதனால்தான் அவள் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். அங்கே போனால் யாருடைய மகள் என்று ஒருவரும் கேட்கமாட்டார்கள். போகும்போது யாரும் பார்சல் தரவும் மாட்டார்கள்.

மாமா பார்சலோடு வந்திருந்தார்.

வறுத்து இடித்த மிளகாய்த்தூள், தலையிடித் தைலம், ஒரு சுடிதார். பயணம் போகிறவரின் பெட்டியில் பாதி மற்றவர்களுக்குச் சொந்தம். தருகிற பார்சலை வேண்டாம் என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. அம்மா அதை வாங்கி, வாசல் நடையில் திறந்து கிடந்த பெட்டிக்குள் வைத்து, கைத்தராசில் தூக்கியும் பார்த்துவிட்டாள்.

அதன் பிறகுதான் ரிஷானிக்கு உறைத்தது. ஒருவரும் இல்லாத ஊரில் இந்த மிளகாய்த்தூள் யாருக்கு?

மாமா உயரம் கேட்டார். அம்மா ஒரு சென்டிமீட்டர் கூட்டிச் சொன்னாள். கண்ணாடி போடுவதுண்டா என்று கேட்டார். முகத்தில் மறு, தழும்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். அம்மாவின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. சாதகம் பொருந்தியதா என்று அவள் கேட்டபோது மாமா ஒரு வடையை எடுத்துக் கடித்தார்.

"பொடியன்ரை படம் இருக்கோ, அண்ணை?"

மாமா போனை மேசையில் வைத்துத் திருப்பினார்.

அதில் இருந்தது ஒரு பெண்.

சாருஜா, அவருடைய தங்கையின் மகள். கனடாவுக்கென்று புறப்பட்டவளை, களவாக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் கீட்டோவில் ஒரு வீட்டில் விட்டுவைத்திருக்கிறான். அங்கே ஜன்னல் திறக்க விடுவதில்லை. இன்னும் சில மாதங்களுக்கு மேல் அவன் பொறுக்கமாட்டானாம். இதையெல்லாம் மாமா தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். செமஸ்டர் முடிந்ததும் ரிஷானி தன் பாஸ்போர்ட்டையும் திரும்பி வரும் டிக்கெட்டையும் சாருஜாவிடம் கொடுக்க வேண்டும். அவள் சூரிச்சில் வந்து இறங்கும்வரை பேசாமல் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

"பிறகு துலைஞ்சு போச்செண்டு சொன்னால் காணும், பிள்ளை. எம்பசியிலை புதுசு தருவினம்."

ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை ரிஷானியை எப்போதும் அக்‌ஷயா என்றே கூப்பிடுவார். அக்‌ஷயா வகுப்பிலிருந்த மற்றத் தமிழ்ப் பிள்ளை; வேறு வரிசையில் இருந்தாள். அவளைவிடக் குட்டை, வட்ட முகம். ரிஷானி ஒவ்வொரு முறையும் எழுந்து திருத்துவாள். மாமா நம்பியிருப்பது அந்த ஆசிரியையின் கண்களைத்தான். விமான நிலையத்தில் பாஸ்போர்ட் பார்க்கும் கண்ணாடிக் கூண்டுக்குள்ளும் அதே கண்கள்தான் இருக்கும்.

அம்மா துணியால் ஒரு கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜன்னல் திறக்காத வீட்டில் மிளகாய்த்தூளுக்கு ஏங்கும் ஒரு பெண். ஓம் என்ற சொல் ரிஷானியின் நாக்கில் வந்து நின்றது. சொல்லிவிடலாம். ஒரு பாஸ்போர்ட்தானே.

அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்கக் குனிந்தபோது விரல் திரையில் பட்டது. அது படமல்ல, வீடியோ.

சாருஜா நிமிர்ந்தாள். நெற்றியில் முன்முடி. ரிஷானியின் முன்முடியை ஊஸ்டர் சலூன்காரி பிழையாக வெட்டியதில் அது இடது பக்கம் சரிந்து விழும். அந்தப் பெண்ணின் நெற்றியிலும் அதே சரிவு.

"குருயெட்சி," என்று வணக்கம் சொன்னாள்.

தொடர்ந்து சுவிஸ் ஜெர்மனில், மனப்பாடம் செய்தவள்போல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். தன் பெயர் ரிஷானி. ஊர் ஊஸ்டர். படிப்பு முடிந்து வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். பிறந்த திகதியையும் சொன்னாள். சரியாகச் சொன்னாள். பிறகு எச்சில் விழுங்கி, போனுக்குப் பின்னால் நின்ற யாரையோ பார்த்தாள்.

அம்மாவின் கையில் துணி நின்றுவிட்டது.

வீடியோ முடிந்து தானாகவே மறுபடி தொடங்கியது. அதே இடத்தில் எச்சில் விழுங்கினாள். அதே ஆளைப் பார்த்தாள்.

மாமா அதை நிறுத்தவில்லை. ரிஷானியின் பாஸ்போர்ட் எங்கே இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டார், தண்ணீர் கேட்பதுபோல.

ரிஷானி எழுந்து வாசல் நடைக்குப் போனாள். பெட்டிக்குள்ளிருந்து பார்சலை எடுத்தாள். அது இருந்த இடத்து உடுப்புகளில் இந்தக் கொஞ்ச நேரத்திலேயே மிளகாய் மணம் ஏறியிருந்தது. திரும்பி வந்து அதைச் சோபாவில் மாமாவின் பக்கத்தில் வைத்தாள்.

போனுக்குள்ளிருந்த மற்ற ரிஷானி மறுபடியும் தன் பெயரைச் சொன்னாள்.

"நான் ஒண்டையும் துலைக்கமாட்டன், மாமா."