கோதண்டபாணியின் லத்தீன்

"இனிமே தம்பியோட ஒரே வீட்ல இருக்க முடியாது, வாத்தியாரே. அவன் பின்கட்டைக் காலி பண்ணட்டும்" என்றார் வேலாயுதம்.

தம்பி நமச்சிவாயம் முறைத்தார். ஆனால் உடம்பையும் கரையையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரே தறியில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

கல்லூரி ஆசிரியர் கோதண்டபாணிக்குப் பொறுக்கவில்லை. "இங்கிலீஷ்ல 'கோஹியர்'னு ஒரு வார்த்தை இருக்குது. மூலம் லத்தீன். 'கோ'ன்னா சேர்ந்து, 'ஹெரேரே'ன்னா ஒட்டிக்கிறது. நீங்க சேலை உடம்பு, அவரு கரை. பிரிஞ்சா சேலை ஏது?"

வேலாயுதம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "டேய், நீ எங்கியும் போவாதடா."

கோதண்டபாணி பெருமையாக வெளியே வந்தார். வாசலில் மாட்டுவண்டி நிறையத் தட்டுமுட்டுச் சாமான்கள். மேலே அவர் மனைவி தேவகி.

"சாவி குடுத்தாங்களா? பின்கட்டுல சாமானை எறக்கலாமா?"

கோதண்டபாணி வண்டியைத் திருப்பச் சொன்னார்.

"ஏங்க, அங்கியும் லத்தீன் சொன்னீங்களா?"