சாது மாமனார்

ஆஸ்பத்திரி ரூமுக்குள் நுழைந்த லீலாவதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து கட்டிலில் சாய்ந்திருக்கும் அண்ணன் ராஜகோபாலுக்கு, மருமகள் வைஷ்ணவி லௌகி சப்ஜி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, சுரைக்காய்னா அண்ணனுக்கு ஆகவே ஆகாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும் அத்தை."

தெரிந்தே கொடுக்கிறாளாம்! என்ன நெஞ்சழுத்தம்!

"தட்டைத் தூக்கி வீச முடியாத நேரம் பார்த்துப் பழி தீர்த்துக்கறியா?"

ராஜகோபால் லேசுப்பட்ட மாமனார் இல்லை. சாம்பாரில் உப்பு கூடினால் அவர் போடும் சத்தம் அவர்கள் குடியிருக்கும் துவாரகா சொசைட்டியின் கேட் வரைக்கும் கேட்கும். அப்பேர்ப்பட்ட மனுஷர் பாவம், மறுபேச்சில்லாமல் விழுங்கினார்.

"அங்கிள் பஹுத் சீதே ஹைன்," ரொம்ப சாது என்று நர்ஸ்கூட மெச்சிவிட்டுப் போனாள்.

வைஷ்ணவி தட்டை வைத்துவிட்டு ஓடிப்போய் டாக்டர் பட்டாபியை அழைத்து வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரு தடவையாவது கத்துவார்னுதான் டாக்டர் இதைக் கொடுத்துப் பார்த்தேன். அப்படியே சாப்பிட்டுட்டார்! எங்க மாமா இப்படி இல்ல. என்னமோ ஆயிடுச்சு."

டாக்டர் குனிந்தார். "சார், இது என்ன மாசம்?"

"நீங்க சொன்னா சரிங்க."

"இவங்க யாரு?" லீலாவதியைக் காட்டினார்.

"புது நர்ஸம்மா."

லீலாவதி பதறிக் கட்டிலருகே வந்தாள்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு வர்ற மனக்குழப்பம் இது. கத்திக் கலாட்டா பண்ணினா உடனே தெரிஞ்சிடும். இப்படி அமைதியா வந்தா நாங்களே கோட்டை விட்டுடுவோம். ரத்தத்துல இதுக்கு அடையாளம் இருக்கான்னு ஆராய்ச்சி பண்றாங்க, நம்பற மாதிரி டெஸ்ட் இன்னும் வரல. நல்லவேளை, நீங்க சொன்னீங்க."

காரணம் தேடினார்கள். சிறுநீரில் கிருமி. மருந்து ஏறியது. கண்ணும் காதும் தெளிவாக இருந்தால் குழப்பம் குறையும் என்றார் டாக்டர்; பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டு பீரோவில் பூட்டி வைத்திருந்த மூக்குக்கண்ணாடியும் காதுமெஷினும் வந்து சேர்ந்தன. லீலாவதி வேண்டாத தெய்வமில்லை.

சில நாள் கழித்து ஒரு காலையில், கண்ணைத் திறந்ததும் திறக்காததுமாக ராஜகோபால் கத்தினார்.

"அறிவிருக்கா வைஷ்ணவி? லீலா எவ்வளவு நேரமா நிக்கறா, ஒரு நாற்காலி எடுத்துப் போடத் தெரியாதா உனக்கு?"

வைஷ்ணவி அழுதுகொண்டே சிரித்தாள்.

லீலாவதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கூடப் பிறந்தவ, எனக்கே தெரியலையே. உனக்கு எப்படிம்மா தெரிஞ்சது?"

"தினமும் அவர்கிட்ட திட்டு வாங்கறது நான்தானே அத்தை!"