மிச்சமிருந்த ஒரு சொல்

“எந்த ஸ்லிப்பு? அத மட்டும் சொல்லிடுங்க. அப்புறம் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

பிரவீன்குமார் குனிந்து நின்று கேட்டான். சுவரோரம் சாய்ந்திருந்தவரால் எழுந்து போகவும் முடியவில்லை. “ஸ்லிப்பு,” என்றார் மறுபடியும்.

கேட்டவன் போலீஸ்காரன் இல்லை, பெற்ற பிள்ளை. நல்லமுத்து விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் முப்பது வருஷம் மண் கரைத்தவர். அச்சில் ஊற்றுகிற அந்த மண்குழம்புக்கு அங்கே ஸ்லிப்பு என்று பெயர். போன மாதம் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. பாவம், இந்த ஒரு சொல் மட்டும் வாயில் தங்கிப்போனது. பசித்தாலும் அதுதான், வலித்தாலும் அதுதான்.

நாலு மணிக்கு வண்டி வரும். புதுச்சேரிப் பக்கம் ஒரு மனநலக் காப்பகத்து வண்டி.

“அப்பாவுக்குப் புத்தி கலங்கிடுச்சும்மா. நீ ஒருத்தியா எத்தினி நாளைக்குப் பாப்ப?” பிரவீன்குமாரின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. போவதற்குள் அவர் எதைக் கேட்கிறார் என்று கண்டுபிடித்து, அதையாவது கையில் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு ஆசை.

“கலங்கலடா. அவரு கண்ணப் பாத்தா எனக்குத் தெரியாதா?” என்றாள் அமிர்தம்.

“டாக்டரே இப்ப எதுவும் சொல்ல முடியாதுங்குறாரு. நீ என்னத்த வச்சுச் சொல்ற?”

நல்லமுத்துவின் பார்வை ஒவ்வொரு முகமாகப் போய்ப் போய்த் திரும்பியது, ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்கிறவரைப் போல.

மகள் அன்புக்கரசி மங்கலம்பேட்டையில் இங்கிலீஷ் டீச்சர். செல்போனில் அகராதியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஸ்லிப்புக்கு ஒரு அர்த்தம் மட்டும் இல்லண்ணா. வழுக்குறது, துண்டுச் சீட்டு, ஒடிச்சு நடுற குச்சி, தலையணை உறை, உள்பாவாடை...”

“அடியே!”

“போட்டுருக்குறதத்தான படிக்கிறேன்! மண்ணு ஸ்லிப்பு, பழைய இங்கிலீஷ்ல சேறுங்குற சொல்லுலேர்ந்து வந்துதாம். சீட்டு ஸ்லிப்பு வேற, அது டச்சுக்காரங்க பக்கத்துது. வெட்டுன துண்டாம். எழுத்து ஒண்ணுதான், ஒரு வயித்துல பொறக்கல.”

ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டினார்கள். தலையணை உறையை மாற்றினார்கள். எங்காவது வழுக்கி விழுந்தாரோ என்று முட்டியைத் தடவினார்கள். ரோஜாக் குச்சியை ஒடித்து வந்து காட்டினார்கள். பிரவீன்குமார் கம்பெனிக்கே ஓடி ஒரு சொம்பு மண்குழம்பு வாங்கி வந்து, அவர் விரலை அதில் நனைத்தான்.

எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையாட்டினார். இடது கையால் ஸ்டூலில் இருந்த வெறும் கப்பைத் தட்டினார். பிறகு நெற்றியைத் தொட்டார்.

“தலவலி போலருக்குது. டீ கேக்குறாரும்மா,” என்றாள் அன்புக்கரசி.

அமிர்தம் அலமாரியிலிருந்து வேறொரு கப்பை எடுத்து, விரல்முட்டியால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு டீயை ஊற்றினாள். அதே கம்பெனியில் பதினெட்டு வருஷம் தரம் பார்த்த கை, தட்டாமல் எதிலும் ஊற்றாது.

டீயை அவர் தள்ளிவிட்டார். பாதி பாயில் சிந்தியது.

“பாத்தியாம்மா? இதத்தான் சொன்னேன்,” என்றான் பிரவீன்குமார்.

வாசலில் ஹாரன் கேட்டது. பிரவீன்குமார் துணிப்பையை எடுத்துக்கொண்டான். அன்புக்கரசி போனை அணைத்துவிட்டு மூக்கை உறிஞ்சினாள். எத்தனையோ நாளில் முதல் தடவையாக அந்த அறையில் யாரும் பேசவில்லை.

அப்போதுதான் அது கேட்டது. ணங்!

வெறும் கப்பை விரல்முட்டியால் தட்டிவிட்டு நல்லமுத்து காதைச் சாய்த்தார். பிறகு அதே முட்டியால் தன் நெற்றியில் ஒரு தட்டு. மறுபடி கப்பு, மறுபடி நெற்றி.

பாயைத் துடைத்துக்கொண்டிருந்த அமிர்தம் அப்படியே நின்றாள். பிறகு அடுப்படிக்கு ஓடினாள். திரும்பி வரும்போது மடி நிறையக் கப்புகள், கம்பெனி கழித்துக் கொடுத்ததும் நல்லதுமாகக் கலந்து ஐந்தாறு. எல்லாம் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருந்தன. அவர் முன்னால் பரப்பினாள்.

“ஏங்க, பாருங்க.”

அவர் ஒன்றைத் தட்டினார். ணங். அதை இந்தப் பக்கம் வைத்தார். அடுத்ததைத் தட்டினார். டொக். அதை அந்தப் பக்கம் தள்ளினார். ஒவ்வொன்றுக்கும் “ஸ்லிப்பு, ஸ்லிப்பு” என்று சொல்லிக்கொண்டே தட்டினார். தள்ளிய கப்புகளை அன்புக்கரசி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஒவ்வொன்றிலும் மயிரிழைக் கீறல். ஒன்றுகூடத் தப்பவில்லை.

“பெரியவரத் தூக்கலாமா சார்?” டிரைவர் செருப்போடு உள்ளே எட்டிப்பார்த்தான்.

பிரவீன்குமார் பையைப் பிடித்தபடி நின்றான்.

கப்புகள் முடிந்ததும் நல்லமுத்து தலையை மனைவி பக்கம் சாய்த்துக் காட்டினார். அமிர்தம் குனிந்தாள். கம்பெனியில் செய்வதுபோலவே அவர் நெற்றியில் விரல்முட்டியால் மெல்லத் தட்டி, காது கொடுத்துக் கேட்டாள்.

“கீறல் இல்லடா. வண்டிய அனுப்பிடு.”