சயூரன் கண்டுபிடித்த ஓட்டை

ஒஸ்லோ நகரின் குறொன்லாண்ட் பகுதியில் இருந்த தன் அலுவலகத்தில் வழக்கறிஞர் சயூரன் உற்சாகமாக இருந்தார்.

"விமலாக்கா, உங்கட கால் முறிஞ்ச விபத்துக்கு நட்டஈடு வந்திட்டுது. தங்கட ஊழியர் வைத்திய நிதியாலை கட்டின செலவை இந்தக் காசிலையிருந்து திருப்பித் தரச்சொல்லி நீங்கள் வேலை செய்யிற கொம்பனி கேக்குது. குடுக்கத் தேவையில்லை. அவையின்ரை விதியிலை ஒரு ஓட்டை இருக்குது."

விமலாதேவி ஊன்றுகோலைச் சாய்த்து வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எங்கை? வடிவா விளங்கப்படுத்துங்கோ."

சயூரன் விளக்க விளக்க, விமலாதேவி கவனமாகக் குறித்துக்கொண்டார்.

"கெட்டிக்காரன் தம்பி நீங்கள். ஆனா அவையின்ரை காசை முழுக்கத் திருப்பிக் குடுத்திடுங்கோ. அந்த நிதியிலைதான் அடுத்த ஆளுக்கு ஒப்பரேசன் செய்யோணும்."

சயூரன் திகைத்தார். "அப்ப ஏனக்கா எல்லாத்தையும் குறிச்சனீங்கள்?"

"திங்கக்கிழமை வேலைக்குப் போனதும் ஓட்டையை அடைக்கோணும். அந்த விதியை எழுதினதே நான்தான்."