பாண்டிதுரையின் சர்வர்

“நான் இருக்க வரைக்கும் அந்தச் சர்வர்ல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது!”

பாண்டிதுரை போட்ட சத்தத்தில் ராஜபாளையம் தென்காசி ரோட்டு டீக்கடை வரை தலைகள் திரும்பின. எதிரே யோகேஸ்வரி, டிபன் பாக்ஸ் அளவு பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மில்களுக்கும் கடைகளுக்கும் புரோகிராம் எழுதிக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் அவள் சேர்ந்து இன்றோடு ஆறு மாதம். சீனியர் பாண்டிதுரை கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் நாளையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் கடையில் பால்கோவா டப்பாவுக்கு லேபிள் ஒட்ட வேண்டும். செத்தாலும் இனி லேபிளைத் தொடமாட்டேன் என்று சபதம் போட்டுவிட்டு வந்தவள் அவள்.

விஷயம் இவ்வளவுதான். புரோகிராம் எழுதத் தேவைப்படும் ரெடிமேட் பேக்கேஜ்களை எல்லாம் பீரோ சைஸ் சர்வர் ஒன்றில் குவித்து வைத்திருந்தார்கள். பத்து வருஷத்துப் பழைய வெர்ஷன்கூட உள்ளே கிடந்தது. யோகேஸ்வரி முன்னூறு வரியில் ஒரு டூல் எழுதினாள். அது வேண்டியதை அடுக்கி, வேண்டாததைக் கழித்து, அத்தனையையும் இந்தக் குட்டிப் பெட்டிக்குள் அடக்கிவிட்டது.

“ஒங்க வேலை போயிரும்னு பயப்படாதீங்கண்ணே.”

“வேலை கெடக்குது கழுதை! எட்டு வருசமா அந்த மிஷினைப் பிள்ளை மாதிரி பாத்திருக்கேன், தெரியுமா தாயி?”

அது உண்மை. தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு சர்வர் ரூமுக்குள் போனால், நாலு மணிக்குத்தான் வெளியே வருவார். கண் சிவந்து, கன்னத்தில் கோடு கோடாக விழுந்து, பார்க்கவே பாவமாக இருக்கும். வேறு யாரையும் உள்ளே விடமாட்டார்.

முதலாளி ஞானராஜ் வந்து டூலை ஓட்டிப் பார்த்தார். அரைமணி நேர வேலை அரை நிமிஷத்தில் முடிந்தது.

“அடேயப்பா! அப்ப அந்தப் பீரோவை எடைக்குப் போட்ருவோம். ரூம் ஏசியையும் கழட்டிருவோம். என்ன பாண்டிதுரை?”

பாண்டிதுரைக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆனது. “இம்புட்டு லேசான டூலை நம்பக் கூடாது சார். நாளைக்கு அம்புட்டும் அழிஞ்சு போச்சுன்னா? நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

யோகேஸ்வரிக்கு அழுகை முட்டியது. லேபிள் பசை நாற்றம் இப்போதே மூக்கில் ஏறியது.

“அவரு போடாம நான் ஒண்ணும் செய்ய முடியாதும்மா” என்றார் முதலாளி. “எதுக்கும் அந்தப் பீரோவை ஒரு போட்டோ எடுத்துட்டு வா. பழைய இரும்புக்காரன் என்ன சொல்லுதான்னு பாப்போம்.” தன்னிடம் இருந்த சாவியை நீட்டினார்.

“நான் எடுத்துட்டு வாரேன்” என்று பாண்டிதுரை எழுவதற்குள் அவள் போய்விட்டாள்.

ரெண்டு நிமிஷத்தில் திரும்பி வந்தாள். அழுகை போன இடம் தெரியவில்லை.

“சார், ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். பெட்டி சிறுசுதான், ஆனா ஏசி இல்லாம ஒரு நாள் தாங்காது. அதே ரூம்லதான் வைக்கணும். தெனமும் மதியம் ரெண்டு மணி நேரம் பாண்டிதுரை அண்ணன் கூடவே இருந்து பாத்துக்கிடணும்.”

பாண்டிதுரை அவளை ஏற இறங்கப் பார்த்தார். பேனாவை எடுத்தார். கையெழுத்தைப் போட்டு, கேட்காமலே தேதியும் போட்டார்.

“அருமையான டூலு சார். நான் அப்பவே நெனச்சேன்.”

“அப்பறம் என்ன, பெட்டியை எங்கன வைக்கணும்னு பாத்துருவோம்” என்று முதலாளி எழுந்து, மேஜைக்கடியில் செருப்பைத் தேடினார்.

யோகேஸ்வரி பாண்டிதுரையின் காதருகே குனிந்தாள்.

“அண்ணே, ஓடிப்போயி மொதல்ல பாயைச் சுருட்டுங்க!”