ஒரு சீப்பு வாழைப்பழம்

தேங்காய்த்திட்டில் எங்களுக்கு யாரையும் தெரியாது. அதிகச் செலவில்லாமல் ஒரு தீவைச் சுற்றிப் பார்க்கலாமென்று ஞாயிற்றுக்கிழமை நானும் என் மனைவி சுலோசனாவும் எங்கள் ஊரான சாரத்திலிருந்து வந்திருக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். ஓடத்தைவிட்டு இறங்கியதுமே ஓர் அம்மாள், “சாரத்துலேர்ந்துதானே? காலையிலேர்ந்து காத்துனு இருக்கோம்” என்று வீட்டுக்கு அழைத்து வந்து, புதுப் பாயில் உட்கார வைத்திருக்கிறாள். ஓலை இடுக்கில் விழும் வெயில் பாயின்மேல் நடுங்குகிறது. யாரோ எங்கள் பழத்தை வாங்கித் தாம்பாளத்தில் வைத்து, பக்கத்தில் பூவும் வைக்கிறார்கள். அது எங்கள் சாப்பாடு என்று எப்படிச் சொல்வது? சுலோசனா என்னைப் பார்க்கிறாள். நான் உப்பங்கழியைப் பார்க்கிறேன். ஓடம் அக்கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்கிறது. பட்டுப்புடவை கட்டிய ஒரு பெண் வந்து எங்கள் காலில் விழுந்து எழுகிறாள். “எம் பொண்ணு, அமிர்தவல்லி” என்கிறாள் அந்த அம்மாள். மோர் கொண்டுவந்து நீட்டும்போது அந்தப் பெண் குனிந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் சுலோசனாவிடம் கேட்கிறாள்: “உங்க தம்பி வரலியாக்கா?” சுலோசனாவுக்குத் தம்பி கிடையாது.